இரண்டடி இடைவெளி

அந்த முப்பத்தாறு மாடிக் கட்டிடத்தில் அவளுக்கு இருந்த வேலைகளிலேயே பெரிய வேலை, ஒன்றுமில்லாத ஓர் இடத்தை ஒன்றுமில்லாமலே வைத்திருப்பதுதான்.

கட்டிடத்தைச் சுற்றி நாலு பக்கமும் இரண்டடி அகலத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. ஓர் ஆள் ஆழத்துக்கு மேலே போகும். அதற்குள் இறங்கிக் கட்டிடத்தின் அடிக்குப் போனால் ஐம்பத்திரண்டு பெரிய ரப்பர் திண்டுகள். ரப்பரும் இரும்புத் தகடுமாக மாற்றி மாற்றி அடுக்கிச் செய்தவை. இரண்டு பேர் கைகோத்தால்தான் ஒன்றைச் சுற்றி வளைக்க முடியும். வேலையாட்கள் அவற்றுக்கு மெத்தை என்று பெயர் வைத்திருந்தார்கள். முப்பத்தாறு மாடியும் அந்த மெத்தைகளின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அடிக்கடி நிலம் நடுங்குகிற ஊர் அது. நடுங்கும்போது மெத்தைகள் சரிந்து கொடுக்கும். மேலே இருக்கிற கட்டிடம் தன் பாட்டுக்கு, நிதானமாக, ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷி மாதிரி அசையும். அப்படி அசைய அதற்கு இடம் வேண்டும். அந்த இடம்தான் அந்த இரண்டடி. அதில் யாராவது ஒரு கருங்கல்லைக் கொண்டுபோய் அடைத்துவைத்தால் போதும், ஐம்பத்திரண்டு மெத்தையும் வீண்.

கட்டுமானத்துக்குப் பொறுப்பான பொறியாளர் அவள். வரைபடம் போட்டதிலிருந்து கடைசி மாடி எழும்பும்வரை நாலு வருஷம் அங்கேயே கிடந்தாள். அந்த நாலு வருஷத்தில் அவள் தெரிந்துகொண்டது ஒன்று: சும்மா கிடக்கிற இடத்தைக் கண்டால் மனிதர்களுக்குக் கை பரபரக்கும். முதலில் சிமெண்ட் மூட்டை அடுக்கினார்கள். எடுக்கச் சொன்னாள். பிறகு பழைய பலகைகள் வந்தன. அவற்றையும் எடுக்கச் சொன்னாள். தண்ணீர்க் குழாய் போடுகிறவர், தரையிலிருந்து கட்டிடத்துக்குப் போகிற இடத்தில் அவள் வேண்டுமென்றே தொளதொளவென்று தொங்கவிட்டிருந்த வளையும் குழாயைக் கழற்றிவிட்டு, நேர்கோடு பிடித்தாற்போல ஓர் இரும்புக் குழாயை மாட்டி வைத்திருந்தார்.

"ஏன் மாத்துனீங்க?" என்று கேட்டாள்.

"லூசா தொங்கிட்டு இருந்துச்சு மேடம். யாரோ பாதி வேலையில விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சு நானே டைட் பண்ணிட்டேன்." பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்று மாலையே அதைக் கழற்ற வைத்தாள். அந்த மனுஷர் அப்புறம் ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையாட்களுக்குள் அவளுக்குச் 'சந்து மேடம்' என்று பெயர் வந்துவிட்டது.

இடைவெளியில் எதையும் வைக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகை எழுதி வைக்கும்படி விற்பனை மேலாளரிடம் கேட்டாள். அவர் நல்ல ரசனையுள்ள மனிதர். பளபளக்கும் கருங்கல்லில் எழுத்துகளைச் செதுக்க வைத்து, தடித்த தூண் ஒன்றில் பதித்து, அந்தத் தூணை இடைவெளிக்குள்ளேயே கான்கிரீட் போட்டு நிறுத்திவிட்டார். 'இங்கே எதையும் வைக்காதீர்கள்.' அதைப் பெயர்த்தெடுக்க இரண்டு நாள் ஆனது.

அவரோடு அவளுக்கு வேறொரு சண்டையும் இருந்தது. வீடு வாங்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வண்ணப் புத்தகத்தில் 'அசையாத கட்டிடம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

"அசையும் சார். அசையறதுக்குத்தானே இவ்வளவும் பண்ணியிருக்கோம்."

"மேடம், ஆடுற வீட்டை யாராவது வாங்குவாங்களா?"

"ஆடாத வீடுதான் சார் விழும்."

"அதை நீங்க எங்கிட்ட சொல்லுங்க, கேட்டுக்கிறேன். வாங்க வர்றவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

புத்தகம் அப்படியே வெளிவந்தது. வீடுகளும் விற்றுப்போயின.

வீட்டில் அவள் கணவருக்கு இதெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்கப் பயந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதால் எதற்கும் பதறமாட்டார். "ஏம்மா, இன்னிக்கு உன் சந்துல என்ன விழுந்துச்சு?" என்றுதான் சாயங்காலம் பேச்சைத் தொடங்குவார். பள்ளியில் மகளிடம் யாரோ அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு அவள், "ஒரு பள்ளத்தைப் பாத்துக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கட்டி முடித்துக் குடியேறிய பிறகும், கம்பெனி அவளை இரண்டு வருஷம் பராமரிப்புக்கென்று அங்கேயே விட்டுவைத்தது. குடியிருப்போர் சங்கம் ஒன்று உருவானது. ஒன்பதாவது மாடியில் இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி அதற்குத் தலைவரானார். முப்பது வருஷம் தீர்ப்புச் சொல்லிப் பழகியவர். இப்போது தீர்ப்புச் சொல்ல வழக்கு இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பள்ளம் கண்ணில் பட்டது.

முதல் கூட்டத்திலேயே எடுத்துவிட்டார். "குழந்தைங்க பந்து விழுது. குப்பை விழுது. போன வாரம் என் மூக்குக் கண்ணாடி விழுந்தது. இவ்வளவு பெரிய கட்டிடத்தைக் கட்டிட்டு, சுத்தி ஒரு சாக்கடையைத் திறந்து போட்டிருக்காங்க. அதை மூடி, கான்கிரீட் தொட்டி கட்டிப் பூச்செடி வைக்கலாம்னு நினைக்கிறேன்."

அவள் எழுந்தாள். இதை எதிர்பார்த்துத் தயாராகத்தான் வந்திருந்தாள். மேஜைமேல் நாலைந்து பென்சில்களை வரிசையாக வைத்து, அதன்மேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்து, புத்தகத்தின்மேல் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்தாள். மேஜையைப் பிடித்து ஆட்டினாள். பென்சில்கள் உருண்டன, மேஜை ஆடியது, டம்ளரிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. வீட்டில் பத்து நாள் பழகியிருந்தாள். சமையலறையில் நாலு டம்ளர் உடைந்திருந்தது.

"பாத்தீங்களா? புத்தகம்தான் நம்ம கட்டிடம். பென்சில்தான் மெத்தை. உருள்றதுக்கு இடம் இருக்கறதாலதான்..."

நீதிபதி கையை உயர்த்தினார். கேள்வி எளிமையானது. "அந்தப் பென்சில்களை எடுத்துட்டா புத்தகம் நகருமா?"

"நகராது. ஆனா..."

"நகராது. நன்றி. அதைத்தான் நானும் கேக்கிறேன்."

கை தூக்கச் சொன்னார்கள். தொண்ணூற்றொரு கைகள் பூச்செடிக்கு, நாலு கைகள் பள்ளத்துக்கு. அந்த நாலில் ஒன்று, கொட்டாவி விடக் கையைத் தூக்கியவருடையது.

அவள் கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். அவர்களுடைய பொறுப்புக் காலம் முடியப்போகிறது, சங்கத்தாரோடு சுமுகமாகப் போகவும் என்று பதில் வந்தது. நகராட்சிக்கு எழுதினாள். கடிதம் கிடைத்தது என்று அங்கிருந்து பதில் வந்தது. அதற்குமேல் ஒரு வரி வரவில்லை. வரும் திங்கட்கிழமை கான்கிரீட் வண்டி வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலை வாசலில் நின்று, எப்படித் தடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வந்தால் குறுக்கே படுத்துவிடலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. அப்போது ஒரு கார் வந்து நின்றது. நீதிபதியின் சம்பந்தி இறங்கினார். மகளைக் கொடுத்த வீடு; பெரிய இடம்; நீதிபதி அவருக்கு முன்னால் கொஞ்சம் குரலைத் தாழ்த்தியே பேசுவார். சம்பந்தி, வாசலுக்குப் போகப் பள்ளத்தின் குறுக்கே போட்டிருந்த இரும்புப் பலகைமேல் கால் வைக்கப் போனவர் நின்று, இருபுறமும் ஓடிய பள்ளத்தைப் பார்த்தார்.

"அடேயப்பா! என்ன சம்பந்தி இது, அகழியா?"

நீதிபதியின் முகத்தில் ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஒரு வெளிச்சம் வந்தது. "ஆமா... ஒரு மாதிரி... அப்படித்தான் வச்சுக்கங்களேன்."

"அரண்மனை மாதிரி இருக்கே! எங்க பக்கம் எந்தக் கட்டிடத்துலயும் இப்படிப் பாத்ததில்ல."

நீதிபதி திரும்பி அவளைப் பார்த்தார். சாட்சி சொல்ல வா என்று கூப்பிடுகிற பார்வை.

பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அதிலும் நிலநடுக்க விஷயத்தில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஆனால் திங்கட்கிழமை கண்முன்னே நின்றது. "அகழியேதான் சார்," என்றாள். "இந்த ஊர்லயே இது ஒண்ணுதான். வடிவமைப்பிலேயே வச்சோம்."

திங்கட்கிழமை கான்கிரீட் வண்டி வரவில்லை. பூச்செடித் தீர்மானத்தை நீதிபதியே ரத்துசெய்தார். பாரம்பரியச் சின்னத்தைச் சிதைப்பது முறையல்ல என்று காரணம் எழுதினார். கட்டிடத்துக்கு அப்போது வயது பதினான்கு மாதம்.

அவளுடைய நிம்மதி ஒன்பது நாள் நீடித்தது. பத்தாம் நாள் நீதிபதி கூப்பிட்டனுப்பினார்.

"அகழின்னா தண்ணி இருக்கணுமேம்மா?"

"தண்ணியா சார்?" என்றாள் அவள்.

"மீனும் விடணும். சிவப்பு, தங்கக் கலர்ல. சம்பந்தி அடுத்த மாசம் மறுபடி வர்றார்."

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னபோது, அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீதானே அகழின்னு சொன்ன? இப்ப வெட்டுன பள்ளத்துல நீயே மீன் வளர்க்க வேண்டியதுதான்."

வேறு வழி இல்லை. பள்ளத்தில் அப்படியே தண்ணீர் விட்டால் மெத்தைகளின் இரும்பு துருப்பிடித்துப் போகும். மூன்று வாரம் உட்கார்ந்து யோசித்து, பள்ளத்தின் வாயில் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே தடித்த ரப்பர் விரிப்பைத் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டாள். அதில் ஓர் அடி ஆழத்துக்குத் தண்ணீர். சுவர்கள் நெருங்கினால் தொட்டில் மடங்கிக்கொள்ளும், விலகினால் விரிந்துகொள்ளும். கட்டிடத்தை எதுவும் தடுக்காது. பல நாடுகளில் பேசப்பட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை எழுதியவள் அவள். அதற்குக் கிடைக்காத பாராட்டு அந்த மீன் தொட்டிக்குக் கிடைத்தது. மாலையில் எல்லா மாடியிலிருந்தும் இறங்கிவந்து மீனுக்குப் பொரி போட்டார்கள். வழியில் பார்த்தால் வணக்கம் சொன்னார்கள். பள்ளத்தைக் காப்பாற்ற இனி அவள் தேவைப்படவில்லை. யாராவது ஒரு காகிதத்தைப் போட்டால் நூறு பேர் சண்டைக்கு வந்தார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை அவள் கீழே இறங்கி மெத்தைகளை அளந்து பார்ப்பாள். அப்படி ஒரு நாள், காலை பதினொன்று பத்துக்கு, முப்பதாம் எண் மெத்தைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றபோது, தூரத்தில் ஒரு கனமான லாரி வருகிற மாதிரி சத்தம் கேட்டது. சத்தம் நெருங்கியது. லாரி இல்லை என்று புரிவதற்குள் காலுக்கடியில் தரை இழுபட்டு, அவள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

கையில் இருந்த விளக்கு உருண்டு ஓடியது. அதன் வெளிச்சத்தில் அவள் அதைப் பார்த்தாள். நேராக நின்ற மெத்தை ஒரு பக்கமாகச் சரிந்தது. அதற்கடுத்த மெத்தையும் சரிந்தது. ஐம்பத்திரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரு கணம் நின்று, மறுபக்கம் சாய்ந்தன. தரை அவளைச் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் ஓடியது. தலைக்கு மேலே முப்பத்தாறு மாடிக் கனம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. மகளின் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. கூடவே, வெட்கமாக இருந்தாலும், நூல் பிடித்தாற்போல வேலை செய்கிறதே என்று மனம் துள்ளவும் செய்தது. பத்து வருஷம் காகிதத்தில் கணக்குப் போட்டதை அவள் கண்ணால் பார்த்தது அந்த நாற்பது விநாடிதான்.

நின்றது. மெத்தைகள் பழைய இடத்துக்கு வந்து நின்றன. அவள் ஊர்ந்து வெளியே வந்து ஏணியைப் பிடித்து ஏறினாள். தலையில் தண்ணீர் கொட்டியது. தொட்டில் தான் செய்ய வேண்டியதைச் செய்திருந்தது. சுவர்கள் நெருங்கியபோது மடங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் வானத்துக்கு வீசியிருந்தது. முன்வாசல் முழுக்கத் தண்ணீர். சிவப்பு மீன்களும் தங்க மீன்களும் படிகளில் துள்ளிக்கொண்டிருந்தன. காவலாளி தன் தொப்பியைக் கழற்றி அதில் மீன்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

நடுக்கம் வந்ததும் லிஃப்டுகள் தாமாகவே நின்றுவிட்டன. ஒன்பது மாடியும் நடந்தே இறங்கி மூச்சிரைக்க வந்தார் நீதிபதி.

"யாரு? யாரு அகழியில கை வச்சது?"

"நிலநடுக்கம் சார்."

"என்ன நிலநடுக்கம்? லேசாத் தலை சுத்துச்சு. மாத்திரை போட மறந்துட்டேன்னு வீட்ல திட்டு வாங்கிட்டு இருந்தேன். இதுக்குப் போயி இப்படியா தண்ணியெல்லாம்..."

சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்ததும் அவர் பேச்சு நின்றுபோனது. எதிரே இருந்த பன்னிரண்டு மாடிப் பழைய கட்டிடத்தின் மாடிப்படிச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. ஆட்கள் தூசி அப்பிய முகத்தோடு சாலையில் நின்றார்கள். யாரோ ஒருவரைக் கதவுப் பலகையில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவள் அங்கே நிற்கவில்லை. தொலைபேசி வேலை செய்யாததால் முக்கால் மணி நேரம் நடந்து வீட்டுக்குப் போனாள். கணவரும் மகளும் தெருவில் ஒரு போர்வையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மகளைக் கட்டிக்கொண்டாள். "ஃபிரிட்ஜ் நடந்து வாசல்வரைக்கும் வந்துருச்சும்மா," என்றார் கணவர். "கதவைத் திறந்தா எனக்கு முன்னாடி அது வெளிய வந்திருக்கும்." அவர் நெற்றியில் ஒரு கட்டு இருந்தது. ஊரில் பதினேழு பேர் போய்விட்டார்கள் என்று மறுநாள் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் சங்கக் கூட்டம். முதல் விஷயம், இறந்துபோன நாற்பத்து மூன்று மீன்கள். இரண்டாவது, தண்ணீரை மறுபடி நிரப்புவது. நிலநடுக்கம் பற்றிப் பேச வேண்டும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அலமாரியில் ஒரு பாத்திரம்கூட நகர்ந்திருக்கவில்லை. அது பெரிய நடுக்கமாக இருந்திருக்காது என்பது பொதுவான அபிப்பிராயம். ஆனால் நீதிபதி எதிர்ச் சாரியைத் தம் கண்ணால் பார்த்தவர். எழுந்து, நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

"எதிர்க்கட்டிடம் பிளந்தது. நம்மது பிளக்கல. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? அவங்களுக்கு அகழி இல்ல. நமக்கு இருந்துச்சு. பூமியோட வேகம் முழுக்கத் தண்ணியில இறங்கியிருக்கு. இல்லன்னா அத்தனை தண்ணி எப்படி வெளிய வரும்? அந்த மீன்கள் நமக்காக உயிரைக் கொடுத்திருக்கு."

கைதட்டல் ஓய்ந்ததும் அவள் எழுந்தாள். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. அகழின்னு சொன்னது பொய். நான்தான் சொன்னேன். கீழ இருக்கிற மெத்தைதான் காப்பாத்துச்சு. நான் பாத்தேன்."

எல்லோரும் அவளைக் கனிவோடு பார்த்தார்கள். "பெருமை எதுவும் தனக்கு வேணாம்னு நினைக்கிறாங்க," என்றார் நீதிபதி. "இந்த அடக்கம் யாருக்கு வரும்?" மறுபடியும் கைதட்டினார்கள். ஓர் அம்மாள் வந்து சால்வை போர்த்தினார்.

அடுத்த வாரமே விற்பனை மேலாளர் அவளைத் தேடி வந்தார். நகரத்தின் மறுகோடியில் நாற்பத்து நாலு மாடி. கம்பெனி அவளையே கேட்கிறதாம். "ஆறடி அகல அகழி மேடம். அன்னப்பறவை விடப்போறோம். வர்றவங்க முதல்ல அதைத்தான் கேக்கிறாங்க." வரைபடத்தை விரித்தார். அவள் அடித்தளப் பக்கத்தைத் திருப்பினாள். இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள்.

"மெத்தை எங்க சார்?"

"அது எதுக்கு மேடம் இனிமே? வீண் செலவு. அதான் அகழி இருக்கே."

அன்று வீட்டில் அவள் சாப்பிடவில்லை. நாற்பத்து நாலு மாடி. ஒரு மாடிக்கு ஆறு வீடு. "நான் ஒரு பொய் சொன்னேன். அது வளந்து ஆளை முழுங்கப் பாக்குது," என்றாள்.

முதல்முறையாகக் கணவர் சிரிக்கவில்லை. "உண்மையைச் சொல்லிப் பாத்துட்ட. சால்வைதான் கிடைச்சுது. வண்டி சறுக்கினா அது சறுக்குற பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பணும்னுதான் நான் சொல்லிக் கொடுப்பேன். எதிர்ப்பக்கம் திருப்பினா கவுந்துரும்."

மறுநாள் அவள் விற்பனை மேலாளரின் அறைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், மெத்தை இல்லாம நீங்க கட்டலாம். ஆனா அதை அகழின்னு சொல்ல முடியாது. அகழி வேலை செய்யணும்னா கட்டிடம் உள்ள மிதக்கணும். மிதக்கலன்னா அதுக்குப் பேரு சாக்கடை. நான் கையெழுத்துப் போடற வரைபடத்துல அப்படித்தான் எழுதுவேன்."

மேலாளரின் முகம் சுருங்கியது. "சாக்கடைன்னா?"

"ஆறடிச் சாக்கடை. அன்னப்பறவையோட."

அவர் எழுந்து சன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். "எத்தனை மெத்தை வேணும்?"

"எழுபத்தாறு. அப்புறம், உள்ள விடுற தண்ணி ரப்பர் விரிப்புல மட்டும்தான். அதுக்குக் கீழ எதையும் வைக்கக் கூடாது."

"சரி, 'அகழி உபகரணங்கள்'னு போட்டுடுங்க. மேலிடத்துல மெத்தைன்னு சொன்னா கேள்வி கேப்பாங்க."

அப்படியே போட்டாள். நியமனக் கடிதத்தில் அவள் பதவி 'அகழி ஆலோசகர்' என்று இருந்தது. அதை மகள் வாங்கி இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இதை நான் ஸ்கூல்ல சொல்லமாட்டேன்" என்றாள். அவளுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. பல்கலைக்கழகத்தில் தனக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் கண்ணில் இது படாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

எட்டு மாதம் கழித்து, அடித்தளம் எழும்பியதும் ஒரு விழா வைத்தார்கள். மேடையில் நீதிபதி சிறப்பு விருந்தினர். அகழியும் அறமும் என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். மனிதர் ஒரு மணி நேரம் பேசுவதாக இருந்தார். முன்வரிசையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுப் பெயர் ஒட்டியிருந்தார்கள். அவள் அங்கே இல்லை. மேடைக்கு நேர் கீழே, பள்ளத்துக்குள், முழங்காலிட்டு உட்கார்ந்து, முந்தின நாள் வைத்த பதினொன்றாம் மெத்தையின்மேல் மட்டப் பலகையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிற்க வேண்டிய அதன் குமிழி ஒரு மயிரிழை இடதுபக்கம் நின்றது. மேலே கைதட்டல் அதிர்ந்தது. அவள் பலகையைத் திருப்பி வைத்து மறுபடி பார்த்தாள்.

"சரியாத்தானே மேடம் இருக்கு?" என்றார் மேஸ்திரி. மேலே போய்ப் பேச்சைக் கேட்க அவருக்கு ஆசை.

"இல்ல. ஜாக்கியை வச்சுத் தூக்குங்க. எடுத்துட்டுத் திரும்ப வைப்போம்."